பில் 96 லட்சம், வந்தது 71 லட்சம்: மூன்று பார்ட்னர் வக்கீல் அலுவலகத்தில் பணம் எங்கே நிற்கிறது?

தம்புசெட்டி_தெரு கேட்டது:

சென்னையில் மூன்று பார்ட்னர்கள் உள்ள சிவில், கமர்ஷியல் அலுவலகம். ஜூனியர் நான்கு பேர், குமாஸ்தா ஒருவர், டைப்பிஸ்ட் ஒருவர். போன நிதியாண்டில் 96 லட்சத்துக்கு பில் போட்டோம், 71 லட்சம் வந்தது. பழைய பாக்கியும் சேர்த்து வெளியே 38 லட்சம் நிற்கிறது.

செலவு 39 லட்சம். இரண்டு ஜூனியருக்கு மாதம் 35,000, மற்ற இருவருக்கு 22,000, ஆகமொத்தம் வருடத்துக்கு 13.68 லட்சம். குமாஸ்தாவுக்கும் டைப்பிஸ்டுக்கும் சேர்த்து 5.4. வாடகை ஜிஎஸ்டியோடு 9.9. மீதி சட்டத் தளச் சந்தா, கரண்ட், பேப்பர், ஜெராக்ஸ், பயணம், ஆடிட். ஆக மூன்று பேருக்கு 32 லட்சம் மிஞ்சுகிறது. தலைக்கு 11 லட்சம் கூட இல்லை.

வேலை மூன்று வகை. சொத்து, பண வழக்குகள். இவை மொத்த ஃபீஸ், அதாவது வழக்கு முழுவதற்கும் ஒரே தொகை. ஒரு நிதி நிறுவனத்தின் செக் கேஸ்கள் (பணமில்லாமல் திரும்பிய செக்குக்காக), கேஸுக்கு 6,000. இரண்டு கம்பெனி ரிடெய்னர், அதாவது மாதாந்திர நிலையான ஃபீஸ். தலா மாதம் 25,000.

கேள்விகள்: ஃபீஸை ஏற்ற வேண்டுமா? ஐந்தாவது ஜூனியர் எடுக்கலாமா? இப்போது மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். "கட்சிக்காரரைக் கொண்டுவந்தது நான்தானே" என்று ஒருவர் கேட்க ஆரம்பித்திருக்கிறார். அதற்கு நியாயமான முறை எது? வரியில் எங்கேயாவது கோட்டை விடுகிறோமா?

---

கட்டுக்கணக்கு பதில்:

ஃபீஸை ஏற்றுவதா என்பதற்கு முன்னால், உங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் என்ன விலைக்கு உற்பத்தியாகிறது என்று போட்டுப் பாருங்கள். கட்சிக்காரரிடம் மணிக்கணக்கில் பில் போடச் சொல்லவில்லை. நம்மூர் சிவில் வழக்கில் அது நடக்காது. இது உங்கள் கண்ணுக்கு மட்டுமான அடக்கவிலை.

ஜூனியர் சம்பளத்தைக் கழித்தால் பொதுச்செலவு 25.3 லட்சம். ஏழு தலைக்குப் பிரித்தால் தலைக்கு 3.6 லட்சம். பார்ட்னர் ஒருவருக்கு நியாயமான உழைப்பூதியம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் உருப்படியாக ஒரு கட்டின் (வழக்குக் கோப்பின்) மேல் எழுதக்கூடிய நேரம் பார்ட்னருக்கு 1,100 மணி, ஜூனியருக்கு 1,000 மணி. எட்டு மணி நேரம் இருக்கிறாரே, 1,900 வராதா என்று கேட்காதீர்கள். கோர்ட் வராந்தாவில் காத்திருப்பது, செக்‌ஷனில் அலைவது, திரும்பிவந்த பேப்பரைத் திருத்துவது எல்லாம் போனால் 1,000 தேறுவதே பெரிய காரியம்.

பார்ட்னர்: 15 + 3.6 = 18.6 லட்சம். 1,100ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 1,690 ரூபாய்.
35,000 ஜூனியர்: 4.2 + 3.6 = 7.8 லட்சம். மணிக்கு 780.
22,000 ஜூனியர்: 2.64 + 3.6 = 6.24 லட்சம். மணிக்கு 625 சொச்சம்.

அலுவலகம் முழுக்கச் சேர்த்தால் 84 லட்சம், 7,300 மணி நேரம், சராசரி 1,150. ஆனால் இது போட்ட பில் முழுவதும் வசூலானால்தான். உங்கள் வசூல் 74 சதவீதம். அப்படியானால் 84 லட்சம் கைக்கு வர 113.5 லட்சத்துக்கு பில் போட வேண்டும். மணிக்கு 1,555. இந்த 1,150க்கும் 1,555க்கும் நடுவில் இருக்கும் 400 ரூபாய்தான் உங்கள் வியாதி. ஒழுங்காகப் பணம் கொடுக்கும் கட்சிக்காரர், கொடுக்காதவருடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார். ஃபீஸை மட்டும் ஏற்றினால் நல்லவர் வெளியேறுவார், மற்றவர் இருப்பார். அவருக்கென்ன, எப்படியும் கொடுக்கப்போவதில்லை.

இப்போது செக் கேஸை எடுங்கள். நோட்டீஸ் அரை மணி, கம்ப்ளெயின்ட்டும் நிரூபண வாக்குமூலமும் ஒன்றரை மணி, குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி. இது நான்கு மணி நேரம். மீதி எல்லாம் வாய்தா. 15 வாய்தா என்று வையுங்கள். ஒரே கோர்ட்டில் ஒரே நாளில் பத்து கேஸ் போட்டிருந்தால் ஒரு கேஸுக்கு கால் மணி நேரம். மொத்தம் நான்கு மணிக்குள் முடியும். ஆக எட்டு மணி நேரம், 625 வீதம் 5,000 ரூபாய். நீங்கள் வாங்குவது 6,000. சரி, பிழைத்துக்கொள்ளலாம். அதே கேஸ் தனியாக வேறொரு கோர்ட்டில் கிடந்தால் வாய்தாவுக்கு இரண்டு மணி நேரம், 30 மணி. மொத்தம் 34 மணி, 21,000 ரூபாய் அடக்கம். கேஸுக்கு 15,000 கைப்பணம். ஒரே ஃபீஸ், ஒரே சட்டப்பிரிவு, ஆனால் ஒன்றில் ஆயிரம் லாபம், இன்னொன்றில் பதினைந்தாயிரம் நஷ்டம்.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன் 142(2)படி, வசூலுக்காகக் கணக்கில் செலுத்திய செக் என்றால், பணம் பெற வேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட்டில்தான் கேஸ். எந்தக் கிளையில் போட்டாலும் கணக்குள்ள கிளையில் போட்டதாகவே கொள்ளப்படும். நிதி நிறுவனம் நாலு ஊர்க் கிளைகளில் நாலு கணக்கு வைத்திருந்தால் கேஸும் நாலு ஊரில் சிதறும். வசூலை ஒரே கணக்கில் குவிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது வசதி. முடியாது என்றால் கோர்ட் வாரியாக இரண்டு ரேட் கேளுங்கள்: வரிசையாக வரும் கோர்ட்டுக்கு 6,000, தனியாக நிற்பதற்கு ஒரு நிலையான தொகையோடு வாய்தாவுக்கு இவ்வளவு.

கூடவே ஒன்று. செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் கம்ப்ளெயின்ட். 6,000 ரூபாய் கேஸில் ஒரு தேதி தவறினால் செக் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழலாம். தேதிப் புத்தகம் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. குமாஸ்தா ஒன்று, ஜூனியர் ஒன்று, வாரம் ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ரிடெய்னருக்கும் இதே கோல்தான். மாதாமாதம் முழுசாக வரும் பணம் என்பதால் அங்கே 1,150 போதும். 25,000க்கு சுமார் 22 மணி நேரம். மூன்று மாதம் மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். "ஒரு சின்ன சந்தேகம் சார்" என்று வரும் ஃபோனையும் வாட்ஸ்அப்பையும் சேர்த்துக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கே பொய். 35 மணி நேரம் ஓடினால் ரிடெய்னர் கடிதத்தில் எது உள்ளே, எது வெளியே என்று பிரிக்க நேரம் வந்துவிட்டது: ஒப்பந்தம் பார்த்துத் தருவது உள்ளே, கோர்ட் ஆஜர் வெளியே, நோட்டீஸ் மாதம் நான்கு வரை உள்ளே.

ஐந்தாவது ஜூனியர்? இப்போது வேண்டாம். முதலில் பார்ட்னர் போய் வாங்கும் வாய்தாக்களை எண்ணுங்கள். பார்ட்னர் ஒருவர் வாய்தா வாங்க மூன்று மணி நேரம் செலவழித்தால் 5,070 ரூபாய். ஜூனியர் போனால் 1,875. இருக்கும் நால்வரின் 4,000 மணி நேரம் நிரம்பாமல் ஐந்தாமவரை எடுத்தால் அந்த நால்வரும் இன்னும் மெதுவாக வேலை செய்வார்கள், அவ்வளவுதான்.

---

வாய்தா_ராஜ்ஜியம் பதில்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் 74 சதவீத வசூலை விதி மாதிரி எடுத்துக்கொண்டு அதற்கேற்ப ரேட் போடக் கூடாது. அதை 90க்குக் கொண்டுபோகலாம். 38 லட்சம் நிலுவை, 96 லட்சம் பில். 38ஐ 96ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 144 நாள். நீங்கள் பில் போட்டபின் சராசரியாக ஐந்து மாதம் கட்சிக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். வேலை முடித்து இன்னும் பில் போடாமல் கிடப்பது இதில் சேரவே இல்லை. அதையும் எண்ணினால் ஏழு எட்டு மாதம் என்று வந்தாலும் ஆச்சரியமில்லை.

பாக்கி நிற்பதற்கு முக்கியக் காரணம், வேலைக்குப் பிறகு கேட்பது. வழக்கு தோற்றால் கொடுக்க மாட்டார். ஜெயித்தால், "நியாயம் நம்ம பக்கம் இருந்துச்சு, ஜெயிச்சோம்" என்பார். தீர்ப்புக்குப் பிறகு நிற்கும் பாக்கியில் பாதிக்குமேல் வராது என்று நினைத்தே வேலை செய்ய வேண்டும்.

ஆகவே கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன். ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு ஃபீஸ் 1,50,000 என்றால்:

வக்காலத்து, பிளெயின்ட் (வழக்கு மனு) தாக்கல்: 60,000
இடைக்கால மனு வாதம்: 22,500
இஷ்யூஸ் (கோர்ட் முடிவு காண வேண்டிய கேள்விகள்) எழுதியதும், விசாரணைக்கு முன்: 22,500
நம் சாட்சியின் நிரூபண வாக்குமூலம் போடுமுன்: 30,000
இறுதி வாதத்துக்கு முன்: 15,000

கடைசிக் கட்டத்தை வேண்டுமென்றே சின்னதாக வைக்க வேண்டும். வராமல் போனாலும் வலிக்காது. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அட்வான்ஸ் பத்தாயிரம், "மீதி முடிஞ்சதும் பார்த்துக்கலாம்."

அடுத்தது வாய்தா எண்ணிக்கை. ஃபீஸ் கடிதத்தில் "30 வாய்தா வரை இந்தத் தொகை, அதற்குமேல் ஒவ்வொரு ஆஜருக்கும் 2,500" என்று ஒரு வரி. எதிர்த்தரப்பு இழுப்பதும் கோர்ட் காலியாக இருப்பதும் நம் கையில் இல்லை, அதன் செலவு மட்டும் ஏன் நம் கையில்? சில கட்சிக்காரர் முகம் சுளிப்பார். அப்போது 40 வாய்தா என்று ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எண் இல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

செய்யக் கூடாதவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாக்கி ஏறினால் கை தானாக அங்கே போகும். கட்டைப் பிடித்துவைத்துக்கொள்வது கூடாது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் பேப்பர்கள் மேல் வக்கீலுக்குப் பிடிமானம் இல்லை என்று ஆர்.டி. சக்ஸேனா வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; பிடித்துவைத்தால் பார் கவுன்சிலில் புகார்தான். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவதும் கூடாது, பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. "ஜெயித்தால் கூடுதலாக" என்று எழுதினாலும் அதே வலைக்குள்தான் விழும்.

பிறகு, கட்சிக்காரர் பணம். கோர்ட் ஃபீ, கமிஷனர் பேட்டா, பேப்பர் விளம்பரச் செலவு எல்லாம் அலுவலகக் கணக்கிலேயே வந்து போகிறதா? இருந்தால் இன்றே தனி வங்கிக் கணக்கு திறங்கள். 40 லட்சம் பண வழக்குக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீதம், 1,20,000 கோர்ட் ஃபீ. அது உங்கள் ஃபீஸ் பில்லோடு ஒட்டிப் போனால் கம்பெனி அதற்கும் சேர்த்து வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்தம் செய்யும். 12,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போட்டு கோர்ட்டில் கட்டுவீர்கள். ஃபீஸ் ஒரு பில், செலவு தனி பில், ரசீது இணைத்து. வாங்கும் பணம் ஃபீஸுக்கா செலவுக்கா என்று கணக்கில் குறிக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்பது பார் கவுன்சில் விதியிலும் இருக்கிறது. கலந்து வைத்தால் மாதக் கடைசியில் கோர்ட் ஃபீ பணத்தில் சம்பளம் கொடுக்கும் நிலை வரும். கெட்ட எண்ணமே இல்லாமல் வரும், அதுதான் ஆபத்து.

வசூலுக்கு யார் ஃபோன் பண்ணுவது? பார்ட்னர் பண்ணக் கூடாது, அவருக்கு வாய் வராது. குமாஸ்தாவும் பண்ணக் கூடாது, கட்சிக்காரர் அவரை மதிக்க மாட்டார். கணக்கு பார்க்கும் ஆள், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, நிலுவைப் பட்டியலோடு. 60 நாள் தாண்டினால் அந்தக் கட்டின் மேல் சிவப்புச் சீட்டு. அடுத்த கட்ட வேலைக்கு முன் பார்ட்னர் நேரில் பேச வேண்டும். 120 நாள் தாண்டினால் வக்காலத்திலிருந்து விலக அனுமதி கேட்பதா என்று முடிவெடுக்க வேண்டும். விசாரணைக்கு முதல் நாள் போய் விலகுகிறேன் என்றால் எந்த நீதிபதியும் கேட்க மாட்டார், முன்கூட்டியே முடிவெடுங்கள்.

---

தம்புசெட்டி_தெரு:

இரண்டு பதிலுக்கும் நன்றி. ஒரு திருத்தம்: கோர்ட் ஃபீ எங்கள் கணக்கிலும் கலந்துதான் இருக்கிறது. 71 லட்சத்தில் அது சேரவில்லை, தனியாகக் கழித்துத்தான் சொன்னேன், ஆனால் வங்கிக் கணக்கு ஒன்றுதான். இன்னொரு சந்தேகம்: எங்கள் ரிடெய்னர் கம்பெனியில் ஒன்று ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டு பில் கேட்கிறது. எங்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லை. போன வருடம் 44ஏடிஏ (வரவில் பாதியை அப்படியே வருமானமாகக் காட்டும் வருமான வரிப் பிரிவு) போட்டால் ஆடிட் தலைவலி போகும் என்று ஒருவர் சொன்னார். அதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

பேரேடு பதில்:

ஜிஎஸ்டி முதலில், அது சின்ன விஷயம். வக்கீல் அல்லது வக்கீல் அலுவலகம் ஒரு வணிக நிறுவனத்துக்குச் செய்யும் சட்ட சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ். வரி கட்ட வேண்டியது கட்சிக்காரர். நீங்கள் பில்லில் 18 சதவீதம் சேர்க்கக் கூடாது; "வரி ரிவர்ஸ் சார்ஜ் முறையில் சேவை பெறுபவரால் செலுத்தத்தக்கது" என்று ஒரு வரி போதும். ரிவர்ஸ் சார்ஜ் சேவை மட்டுமே செய்பவர் பதிவு எடுக்கவும் தேவையில்லை. தனிநபர் கட்சிக்காரருக்கும், பதிவு வரம்புக்குக் கீழே உள்ள சின்ன வியாபாரத்துக்கும் விலக்கு. கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு இது தெரியாமல் பில்லைத் திருப்பி அனுப்புவார்கள். அதனாலேயே இரண்டு மாதம் தாமதமாகும். முதல் பில்லோடு ஒரு விளக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள்.

இதன் மறுபக்கம்: உங்கள் வாடகையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போகிறதே, அதற்கு உள்ளீட்டு வரவு (கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கழித்துக்கொள்வது) எடுக்க வழியில்லை. மாதம் 70,000 வாடகை என்றால் 12,600, வருடம் ஒன்றரை லட்சம் சுத்தச் செலவு. வாடகை பேசும்போது "ஜிஎஸ்டி தனி" என்ற வார்த்தையைச் சாதாரணமாக விடாதீர்கள். ஐகோர்ட் எதிரே நாலாவது மாடிக்கு அந்த விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. கட்சிக்காரர் கூட்டம் நேரில் வருவது இல்லையென்றால் அங்கே ஒரு சின்ன அறையும், வேலைக்கு வேறிடமும் வைப்பது பலருக்குக் கட்டுப்படியாகிறது.

இப்போது 44ஏடிஏ. (எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி, 2025-26 கணக்குக்கு. 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறும்.) ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை போகலாம் என்பதால் உங்கள் 71 லட்சம் உள்ளே வரும். எல்எல்பியாக (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாக) இருந்தால் கிடையாது. கூட்டாண்மை அலுவலகத்துக்கு உண்டு. ஆனால் போடாதீர்கள். ஏன் என்று பாருங்கள்.

44ஏடிஏயில் வரவில் பாதி, 35.5 லட்சம், வருமானம். அதற்குமேல் பார்ட்னர் சம்பளத்தைக் கழிக்க முடியாது. அலுவலகத்துக்கு 30 சதவீதமும் செஸ்ஸும், 31.2. வரி 11 லட்சத்துக்குமேல். ஆடிட்டருக்குக் கொடுக்கும் தொகையை மிச்சம் பிடிக்க இந்த விலை.

ஒழுங்காகப் புத்தகம் எழுதி ஆடிட் செய்தால், லாபம் 32 லட்சம். 40(பி)யில் பார்ட்னர் சம்பள உச்சவரம்பு: முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், 5.4, மீதி 26 லட்சத்தில் 60 சதவீதம், 15.6. ஆக 21 லட்சம், தலைக்கு 7 லட்சம். மீதி 11 லட்சத்துக்கு அலுவலகம் 3.43 லட்சம் வரி கட்டும். 7 லட்சம் வாங்கும் பார்ட்னருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். மீதி லாபப் பங்கு அவர் கையில் வரிவிலக்கு. வித்தியாசம் ஏழரை லட்சத்துக்குமேல்! பார்ட்னர் மூலதனத்துக்கு 12 சதவீதம் வரை வட்டியும் கழிக்கலாம், அது இன்னும் கொஞ்சம் குறைக்கும்.

இதில் கோட்டை விடும் இடங்கள் மூன்று.

ஒன்று, கூட்டாண்மைப் பத்திரம். "பார்ட்னர்கள் அவ்வப்போது பேசி முடிவெடுக்கும் சம்பளம்" என்று எழுதியிருந்தால் கழிவு போய்விடும். தொகை அல்லது கணக்கிடும் முறை பத்திரத்திலேயே இருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 739ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. "40(பி)யில் அனுமதிக்கப்பட்ட உச்சத் தொகை, மூவருக்கும் சமமாக" என்ற வகையில் எழுதுங்கள். 2024இல் அந்த உச்சவரம்பு உயர்ந்தது. பழைய எண்ணையே பத்திரத்தில் எழுதியவர்களுக்கு உயர்வு கிடைக்காது.

இரண்டு, 194டி (194T) என்ற புதிய பிடித்தம். 2025 ஏப்ரல் முதல் பார்ட்னர் சம்பளம், வட்டி, போனஸ் வருடம் 20,000 தாண்டினால் அலுவலகம் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு. மாதாமாதம் "டிராயிங்ஸ்" என்று எடுத்துவிட்டு மார்ச் 31ஆம் தேதி அதைச் சம்பளம் என்று பெயர் மாற்றுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். லாபப் பங்குக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. இரண்டையும் மாதத்திலிருந்தே பிரித்து எழுதுங்கள்.

மூன்று, ரொக்க அடிப்படையா (பணம் வந்தபின் வருமானம்), பில் அடிப்படையா. வக்கீல் தொழிலில் ரொக்க அடிப்படையில் புத்தகம் வைக்கலாம். உங்கள் சாஃப்ட்வேர் பில் போட்டதுமே வருமானமாகக் காட்டினால், வராத 25 லட்சத்துக்கும் வரி கட்டுவீர்கள். வருடா வருடம் மாற்றிக்கொண்டிருக்கவும் கூடாது.

சின்னதாக இன்னொன்று: கம்பெனி 1,00,000 பில்லுக்கு 90,000 அனுப்பும். மீதி 10,000 நிலுவைப் பட்டியலில் பாக்கியாகவே நிற்கும். உங்கள் 38 லட்சத்தில் எவ்வளவு இந்த மாதிரிப் பொய்ப் பாக்கி என்று 26ஏஎஸ்ஸோடு (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரி அறிக்கையோடு) ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி பிடித்துவிட்டு உங்கள் பான் எண்ணில் காட்டாமல் விட்டதும் அங்கேதான் தெரியும்.

---

நாலாவது_மாடி பதில்:

பங்கு பிரிப்பதைப் பற்றி. "கொண்டுவந்தது நான்" என்ற பேச்சு வந்துவிட்டால் சமப்பங்கு நீண்டநாள் நிற்காது. ஆனால் கொண்டுவந்தவருக்கே எல்லாம் என்று மாறினால் இன்னும் மோசம். கட்டை யாரும் மற்றவரிடம் தர மாட்டார்கள். கம்பெனி சட்டம் தெரியாதவர் கம்பெனிக் கட்டை மேசைக்குள் வைத்துக்கொண்டு உட்காருவார், கொடுத்தால் பங்கு குறையுமே என்று. மூன்று தனி வக்கீல்கள் ஒரே வாடகையைப் பகிர்ந்துகொள்வதாக அலுவலகம் ஆகிவிடும்.

போஸ்டனில் ஹேல் அண்ட் டோர் அலுவலகத்தில் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் நூறு வருடத்துக்கு முன்னால் மணி நேரத்தைக் குறித்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பில் போட அல்ல, எந்த வேலைக்கு என்ன அடக்கம் என்று பார்க்க. பின்னால் அதே அலுவலகத்தின் பெயரில் பிரபலமான பங்கீட்டு முறை, கட்சிக்காரரைக் கொண்டுவந்தவர், வழக்கைப் பொறுப்பேற்று நடத்துபவர், உட்கார்ந்து உழைப்பவர் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றுக்கும் பங்கு என்பதுதான் அதன் சாரம். நம் அளவுக்கு அதைச் சுருக்கலாம்.

உங்கள் 32 லட்சத்தை வைத்தே போடுகிறேன், வரிக்கு முன். மூவருக்கும் மாதம் 55,000 ஒரே மாதிரி, வருடத்துக்கு 19.8 லட்சம். மேலே சொன்ன 21 லட்ச வரம்புக்குள் இது சம்பளமாகவே அடங்கும். மிச்சம் 12.2 லட்சம். அதில் பாதி, 6.1, சமமாக. கால் பங்கு, 3.05, கொண்டுவந்த கட்சிக்காரரிடமிருந்து வசூலான தொகைக்கு ஏற்ப. கால் பங்கு அவரவர் நடத்திய வேலைக்கு வசூலான தொகைக்கு ஏற்ப. எல்லா இடத்திலும் "வசூலான" என்ற சொல் இருக்க வேண்டும். பில் போட்ட தொகைக்குப் பங்கு என்றால் மார்ச் மாதம் பில்லாகக் கொட்டும், ஏப்ரலில் பணம் வராது.

கொண்டுவந்ததற்கான எடை தேய வேண்டும்: முதல் வருடம் முழுசாக, இரண்டாம் வருடம் பாதி, மூன்றாம் வருடம் கால், பிறகு இல்லை. மூன்று வருடம் கழித்து அந்தக் கட்சிக்காரர் இங்கே இருப்பது வேலை பிடித்துத்தான், அறிமுகத்தால் அல்ல. இந்த இடத்தில் சண்டை வரும் என்பதால் முதலாண்டிலேயே யார் பெயரில் எந்தக் கட்சிக்காரர் என்று மூவரும் கையெழுத்திட்ட பட்டியல் வையுங்கள். ஒருவர் அறிமுகப்படுத்தி இன்னொருவர் பேசி முடித்தது என்றால் பாதிப் பாதி.

உத்தரவாதத் தொகை எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். நியூயார்க்கின் டூயி அண்ட் லெபூஃப் 2012 மே மாதத்தில் திவாலுக்குப் போனதில் பல காரணங்கள் உண்டு. ஆனால் வருமானம் எப்படி இருந்தாலும் குறிப்பிட்ட பார்ட்னர்களுக்கு இவ்வளவு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தது அதில் பெரியது. அளவு வேறு, கணக்கு ஒன்றுதான்: ஒருவருக்கு உறுதியளித்த தொகை மற்றவர்களின் மிச்சத்திலிருந்துதான் வர வேண்டும்.

கொண்டுவருவதற்கு எடை போடும்போது இன்னொன்றும் கவனியுங்கள். பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தைத் தடுக்கிறது, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இணையப் பட்டியல் தளங்கள் வழியாக வக்கீல்கள் வேலை தேடுவதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. வக்கீல் அல்லாத ஒருவருக்கு ஃபீஸில் பங்கு தருவதும் கூடாது. ஆகவே கொண்டுவருவது என்பது பழைய கட்சிக்காரர் சொல்லி அனுப்புவதும், வேறு வக்கீல் அனுப்புவதும்தான். பழைய கட்சிக்காரர் சொல்லி அனுப்பினால் அது யார் கணக்கு? அலுவலகத்தின் கணக்கு என்று எழுதிவிடுங்கள். அந்த 3.05 லட்சத்தில் அந்தப் பகுதி சமப்பங்குக்குப் போகட்டும்.

பத்திரத்தில் ஒருவர் விலகினால் என்ன என்பதும் இப்போதே வேண்டும், நட்பாக இருக்கும்போதே. கட்சிக்காரர் யாருடன் போவார் என்பதை அவர்தான் முடிவெடுப்பார். அதைத் தடுக்கும் ஷரத்து எழுதிப் பயனில்லை. எழுத வேண்டியது: விலகும் நாள் வரை தொடங்கிய கட்டத்தின் ஃபீஸ் அலுவலகத்துக்கு, அடுத்த கட்டம் போகிறவருக்கு. (மேலே சொன்ன கட்டவாரி ஃபீஸின் இன்னொரு பலன் இது. மொத்த ஃபீஸாக இருந்தால் பிரிக்கவே முடியாது.) மூலதனம் 12 மாதத் தவணையில் திரும்பும். பழைய நிலுவை வசூலானால் வழக்கமான விகிதத்தில் 18 மாதம் வரை அவருக்கும் பங்கு, அதன்பின் இல்லை.

ஜூனியர் விஷயத்தில் ஒரு சொல். 22,000ஐக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே வரம்பை ஒட்டித்தான் நிற்கிறீர்கள். நல்ல ஜூனியர் மூன்றாம் வருடம் போய்விட்டால் அவர் தலையில் இருந்த நாற்பது கட்டின் கதையும் கூடப் போகும். புதியவர் அதைப் படித்துப் பிடிக்க ஆகும் மணி நேரத்தை எந்தக் கட்சிக்காரருக்கும் பில் போட முடியாது.

---

தம்புசெட்டி_தெரு:

மிக்க நன்றி. இந்த மாதமே கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு, 26ஏஎஸ் ஒப்பீடு. பத்திரத் திருத்தத்துக்கு ஆடிட்டரிடம் பேசுகிறோம். கடைசியாக ஒன்று: நடந்துகொண்டிருக்கும் பழைய வழக்குகளில், மொத்த ஃபீஸ் பேசி முடித்தவற்றில், கட்டவாரி முறையை எப்படிக் கொண்டுவருவது? பேசியதை மீறுகிறோம் என்பார்களே.

---

வாய்தா_ராஜ்ஜியம் பதில்:

மொத்தத் தொகையைத் தொடாதீர்கள். மீதித் தொகையை மட்டும் மீதியுள்ள கட்டங்களுக்குப் பங்கிட்டுக் கடிதம் கொடுங்கள். 1,50,000 பேசி 50,000 வாங்கியிருந்தால், விசாரணைக்கு முன் 40,000, நிரூபண வாக்குமூலத்துக்கு முன் 40,000, வாதத்துக்கு முன் 20,000. பேசிய தொகை அதேதான், தேதி மட்டும்தான் புதுசு. கடிதம் கொடுக்க நல்ல நேரம், வழக்கில் ஏதாவது ஒரு சாதகமான உத்தரவு வந்த வாரம்; தடையுத்தரவு நகல் இணைத்து அனுப்புங்கள். வாய்தா எண்ணிக்கை ஷரத்தைப் பழைய வழக்கில் புகுத்தப் பார்க்காதீர்கள், அது புதிய வக்காலத்துகளுக்கு மட்டும். இன்னும் எண் ஆகாமல் திரும்பிவந்து கிடக்கும் பிளெயின்ட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். வழக்கு எண்ணே இல்லாத கட்டுக்கு எந்தக் கட்சிக்காரரும் இரண்டாம் தவணை தர மாட்டார்.